1776-ல் விடுதலை அறிவித்த அமெரிக்காவின் 13 காலனிகள் ஜெயித்தன. 1801-ல் மருதுபாண்டியர் கூட்டணி ஏன் தோற்றது?

கீழமாசிவீதி:
மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘காலனிகளின் விடுதலை’ பாடம் எடுக்க வேண்டும். அங்கே அமெரிக்காவில் பிரிட்டனின் 13 காலனிகள் 1776 ஜூலையில் பிரகடனம் செய்து, 1783-ல் விடுதலை வாங்கிவிட்டன. இங்கே 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியில், வெள்ளையரை எதிர்த்து எழச் சொல்லும் ஜம்புத்தீவுப் பிரகடனம் ஒட்டினார். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கு. ‘ஒற்றுமை இல்லை’ என்ற ஒற்றை வரியைச் சொல்லி நகர மனமில்லை. ஆயுதம், பணம், ஒப்பந்தம் என்று பிடிபடுகிற காரணங்களைச் சொல்லுங்கள்.

விருதுநகர்ரோடு:
துப்பாக்கி மருந்திலிருந்து தொடங்குங்கள் சார். கலவையில் 100-க்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. கரி எங்கேயும் சுட்டுக்கொள்ளலாம். கந்தகம் கொஞ்சம் இருந்தால் போதும், வைத்திருந்தாலும் கெடாது. சிக்கல் எல்லாம் அந்த முக்கால் பங்கில்தான். அன்று பிரிட்டனுக்கு வெடியுப்பு போனது பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில். கலகம் என்று வந்ததும் காலனிகளுக்கு அந்த வாசல் அடைபட்டது.

சொந்தமாகக் காய்ச்சியும் பார்த்தார்கள். தொழுவத்து மண்ணையும் குதிரை லாயத்து மண்ணையும் சுரண்டி, பீப்பாயில் கொட்டி, தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். அந்த வடிநீரை மரச்சாம்பலில் இறக்கி, சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால் ஊசி ஊசியாக உப்பு படியும். சாம்பல் குறைந்தால் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு மாறாமல் நின்றுவிடும். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். மருந்து நமத்துப்போய்ப் பற்றாது. சிவகாசியின் வறண்ட வெயிலைப் பட்டாசுத் தொழில் நம்பியிருப்பதும் இந்த ஈரத்துக்குப் பயந்துதான்.

அரைத்ததோடும் வேலை முடியாது. கலவையை ஈரமாக அழுத்தி, உடைத்து, சலித்துக் குருணையாக்க வேண்டும். மாவாகவே விட்டால் வண்டிக் குலுக்கலில் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும், எரிவதும் சீராக இருக்காது.

1775 ஜூன் 17, பங்கர் ஹில் சண்டையில் காலனிக்காரர்கள் பின்வாங்கியது மருந்து தீர்ந்துபோனதால். ஆகஸ்டில் காலனிகளின் படைத்தலைவர் வாஷிங்டன் இருப்பைப் பார்த்தபோது ஆளுக்குச் சுமார் 9 தடவை சுடத்தான் இருந்தது. 1777 முடியும் வரை கையில் கிடைத்த மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது, அல்லது வெளிநாட்டு வெடியுப்பில் அரைத்தது. 1776-ல் பிரான்ஸ் 10 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கொடுத்தது, ஸ்பெயினும் அதே அளவு கொடுத்தது. இரண்டும் ஒரு போலி வணிக நிறுவனத்தின் பெயரில் ரகசியமாகப் போனவை. 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் படைக்கு எதிராகக் காலனிகளுக்குக் கிடைத்த வெற்றிக்குப் பின்னால் இந்தச் சரக்கு இருக்கிறது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் 1778 பிப்ரவரி 6-ல் பிரான்ஸ் வெளிப்படையாகக் கூட்டணி ஒப்பந்தம் போட்டது.

காளையார்கோவில்சாலை:
அதே கணக்கை நம் பக்கம் போட்டுப் பாருங்கள். தெற்கே கம்பெனியை எதிர்த்து நிற்கக்கூடிய பெரிய அரசு திப்புவினுடையது. அது 1799 மே 4-ல் விழுந்துவிட்டது. கடல் கம்பெனி கையில். மதுரைக் கோட்டையோ 1764-ல் யூசுப்கானை (மருதநாயகம்) தூக்கிலிட்டதிலிருந்தே ஆற்காட்டு நவாப், கம்பெனி பக்கம். மருதுபாண்டியருக்கு ஒரு சரடோகா கிடைத்திருந்தாலும், அதைப் பார்த்துக் கப்பல் அனுப்ப எந்த அரசும் இல்லை.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த அதே பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் பிறகு இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திண்டுக்கல்லை திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கூட்டணி கட்டியது அந்தத் திண்டுக்கல் சீமையில். அதாவது கம்பெனி ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட இடத்தில்.

வீரத்தில் குறையே கிடையாது. 1801 மார்ச் 31-ல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கம்பெனிப் படை அடிபட்டுத் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அடுத்து கம்பெனியின் கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட, சுமார் ஒரு மாதம் பாடுபட்டு, முடியாமல் கைவிட்டார். பிறகு கம்பெனி படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்து, மருதுவின் ஆதரவைப் பிளந்தது. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் போனது. காட்டை வெட்டிச் சாதிக்க முடியாததை அந்த வாரிசு அறிவிப்பு சாதித்தது என்பது என் கணிப்பு.

கீழமாசிவீதி:
நன்றி அண்ணே. இன்னொன்று: யார்க்டவுன் 1781-ல் முடிந்துவிட்டதே, 1783 என்று ஏன் எழுதுகிறோம்?

வைகைத்தென்கரை:
படை சரணடைவது வேறு, அரசு உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. 1781 செப்டம்பர் 5-ல் பிரெஞ்சுக் கப்பற்படை யார்க்டவுனை ஒட்டிய செசபீக் விரிகுடாவை அடைத்துவிட்டதால் காரன்வாலிஸுக்குக் கடல்வழி உதவி வரவில்லை. அக்டோபர் 19-ல் 7,000 பேருக்கு மேல் சரண். ஆனாலும் நியூயார்க் பிரிட்டன் கையில்தான் இருந்தது. பாரிஸ் ஒப்பந்தம் 1783 செப்டம்பர் 3. கடைசிப் படை நியூயார்க்கை விட்டுப் போனது நவம்பர் 25. ஒப்பந்தத்துக்கு அமெரிக்காவின் 9 மாநிலங்களின் ஒப்புதல் தேவை; குளிர்காலத்தில் மாநிலப் பிரதிநிதிகள் வந்து சேராமல் இழுத்து, 1784 ஜனவரி 14-ல்தான் நிறைவேறியது. டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளை 1796 வரை பிரிட்டன் விடவே இல்லை.

பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டிக்கு இன்னும் கொடுமை. 1804 ஜனவரி 1-ல் பிரகடனம். பிரான்ஸ் அங்கீகரித்தது 1825-ல், அதுவும் 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டு. 1838-ல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கடன் அந்த நாட்டை எழவே விடவில்லை.

நமக்குப் பக்கத்து உதாரணம் புதுச்சேரி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. சட்டப்படி இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. கேள்வித்தாளில் ‘ஆட்சி மாற்றம்’ என்றால் 1954, ‘சட்டப்படி’ என்றால் 1962. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் மார்க்கை விடுகிற பிள்ளைகள் நிறைய, தம்பி.