நாகர்கோவில் பக்கம் பெரியவங்களை எப்படிக் கூப்பிடணும்?

கேள்வி: வடசேரி சந்தையில ‘நீரு’ன்னு பேசிக்கிறாங்க. அது மரியாதையா?

பதில் 1: பழகின சமவயசுக்காரருக்குள்ள சரி. மூத்தவர்கிட்ட ‘நீங்க, வாங்க’தான். ‘என்னவே’ன்னா முகம் மாறிரும். கடைக்காரர் ‘அண்ணாச்சி’, தாத்தா வயசுன்னா ‘பாட்டா’, அண்ணன் மனைவி ‘மைனி’.

பதில் 2: ஆள் இல்லாதப்பவும் கவனம். ‘பாட்டா எங்க?’ன்னா ‘அவிய சந்தைக்குப் போயிருக்காவ’ (அவங்க சந்தைக்குப் போயிருக்காங்க)ம்பாங்க. போனது ஒருத்தர்தான், பன்மை மரியாதைக்கு. வெளியூர்க்காரங்க ‘எத்தனை பேரு?’ன்னு கேட்டு முழிப்பாங்க!

பதில் 3: கேரள எல்லையில இருக்குற விளவங்கோடு பக்கம் மலையாளத்து ‘சேட்டன்’ (அண்ணன்), ‘சாரே’யும் கேட்கும், 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதானே இருந்துச்சு. மனு எழுதினா ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ போதும். ‘மாண்புமிகு’ அமைச்சருக்குப் போடுறது. ‘ஆட்சியர் அவர்கள் கூறினார்’னு எழுதாதீங்க, ‘கூறினார்கள்’.