ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் கிகாபிட் வேகத்தில் சமவாய்ப்பு எண்களைப் பெறுவது எப்படி?

கேள்வி

வணக்கம். முதுகலை இயற்பியல் செய்முறைக்காக, ஒளியைக் கொண்டு சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் அமைப்பொன்றை ஆய்வுக்கூடத்தில் அமைத்திருக்கிறேன். மிகவும் மங்கலாக்கிய லேசர் ஒளியை 50:50 ஒளிப்பிரிப்பானில் விழச்செய்து, ஊடுருவிய ஃபோட்டானை 0 என்றும் எதிரொளித்ததை 1 என்றும் பதிவு செய்கிறேன். நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் பிட் வரை சிக்கலில்லை. லேசரின் செறிவை மேலும் கூட்டினால், அடுத்தடுத்த பிட்டுகளுக்கிடையே தொடர்பு தென்படத் தொடங்குகிறது. கிகாபிட் வேகத்தை எட்டியவர்களும் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்களா? அவ்வளவு வேகத்தில் கிடைப்பது குவாண்டம் நிகழ்விலிருந்தே வருகிறது என்பதை எவ்வாறு உறுதிசெய்கிறார்கள்?

மறுமொழி 1

வணக்கம். தாங்கள் எட்டியிருப்பது டிடெக்டரின் எல்லையை. ஒரு ஃபோட்டானைப் பதிவு செய்த டிடெக்டர் மீண்டும் தயாராவதற்குப் பல பத்து நானோநொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் வரும் அடுத்த ஃபோட்டான் மற்ற டிடெக்டருக்குச் சென்றால் மட்டுமே பதிவாகும் என்பதால், 0-க்குப் பின் 1 வரும் வாய்ப்பு தேவைக்கு மேல் கூடிவிடுகிறது.

வேகத்தை நாடியவர்களில் பலர் ஃபோட்டான்களை எண்ணுவதையே கைவிட்டார்கள். ஒளிப்பிரிப்பானின் ஒரு வாயிலில் வலுவான லேசர் ஒளியைச் செலுத்தி, மறுவாயிலை அடைத்துவிடுங்கள். அடைத்த வாயிலில் ஒளி இல்லையே தவிர, வெற்றிடநிலைக்குரிய மின்புலத்தின் ஏற்ற இறக்கம் அங்கே எப்போதும் உண்டு. வெளிவரும் இரு கற்றைகளையும் இரண்டு ஒளிடையோடுகளில் வாங்கி மின்னோட்டங்களைக் கழித்தால், லேசரின் சொந்தச் செறிவு மாற்றங்கள் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் நீங்கிவிடும். வெற்றிடத்தின் ஏற்ற இறக்கம் மட்டும், லேசரின் வலிமையால் பெருக்கப்பட்டு எஞ்சும். இதற்குச் சாதாரண ஒளிடையோடுகளே போதும், ஒவ்வொரு அளவீடும் ஒரே பிட்டுக்குப் பதிலாகப் பல பிட்டுகளைத் தரும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் இவ்வழியில் நொடிக்கு 2 கிகாபிட் வரை எட்டினார்கள்.

மறுமொழி 2

இன்னொரு வழியும் உண்டு. லேசரைத் தொடக்க வரம்புக்குச் சற்று மேலே இயக்கினால், தன்னிச்சை உமிழ்வு (தூண்டலின்றித் தானாக நிகழும் ஒளி உமிழ்வு) அதன் கட்டத்தை, அதாவது ஒளியலை தன் சுழற்சியில் இருக்கும் நிலையை, தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கும். கைகளின் நீளம் வேறுபட்ட குறுக்கீட்டுமானி அந்தக் கட்ட மாற்றத்தைச் செறிவு மாற்றமாக்கிவிடும். வெளியாகும் வேகங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2021-இல் சில்லு அளவிலான ஒரு லேசரிலிருந்து பெறப்பட்ட நொடிக்கு 250 டெராபிட் என்னும் அளவு, சமிக்ஞையைப் பதிவு செய்து பின்னர் கணினியில் பதப்படுத்திப் பெற்றது. அது பெரும் சாதனையே. ஆனால் உடனுக்குடன் பிட்டுகளை வெளியிடும் கருவியோடு அதை ஒப்பிடக்கூடாது.

மறுமொழி 3

தங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. புள்ளியியல் சோதனைகளில் தேறுவதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். நல்ல போலிச் சமவாய்ப்பு நிரல்களும் அவற்றில் தேறும். முதலில் லேசரை அணைத்து மின்னணு இரைச்சலை மட்டும் அளவிடுங்கள். பின்னர் லேசரின் திறனைப் படிப்படியாகக் கூட்டி, கழித்த சமிக்ஞையின் மாறுபாட்டை வரைபடமாக்குங்கள்: அது நேர்கோடாக உயர்ந்தால் குவாண்டம் இரைச்சல், வளைந்து மேலேறினால் லேசரின் இரைச்சல் முழுதாகக் கழியவில்லை என்று பொருள். மின்னணு இரைச்சல் முழுவதும் எதிராளிக்கு, அதாவது நம் எண்களை ஊகிக்க முயல்பவருக்கு, தெரியும் எனக் கொண்டே குறும என்ட்ரோபியை (மிக அதிக வாய்ப்புள்ள மதிப்பையே அவர் ஊகித்தாலும் எஞ்சும் சமவாய்ப்பின் பிட் அளவை) கணக்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 8 பிட் மாதிரி (ஒரு அளவீடு) ஒன்றில் குறும என்ட்ரோபி 5 பிட் எனில், 1000 மாதிரிகளின் 8000 பிட்டுகளில் 5000 மட்டுமே நமக்குரியவை. பாதுகாப்புக்கென மேலும் 100 பிட்டுகளை விட்டுக்கொடுத்து, 4900 வரிசைகளும் 8000 நிரல்களும் கொண்ட டோப்லிட்ஸ் அணியால் (ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஒரே மதிப்பு தொடரும் அணி) பெருக்கினால், எஞ்சுவது ஏறக்குறைய முழுச் சமவாய்ப்பாகும். அணியை அமைக்க 12,899 விதைப் பிட்டுகள் (முன்கூட்டியே கையிலிருக்கும் சமவாய்ப்புப் பிட்டுகள்) வேண்டும். விதை மூலச் சமிக்ஞையைச் சாராதிருந்தால் அதே விதையை மீண்டும் பயன்படுத்தலாம். உண்மையில் வேகத்தைப் பல நேரங்களில் கட்டுப்படுத்துவது இந்தப் பெருக்கல்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திறன்–மாறுபாடு வரைபடத்தையே முதலில் வரையப்போகிறேன். மின் சமிக்ஞையை எண்களாக மாற்றும் இலக்கமாக்கியின் அளவீட்டு எல்லையைக் குறுக்கினால் நுண்மை கூடி, பிட்டுகளும் கூடுமல்லவா?

மறுமொழி 3

ஓரளவுக்குத்தான். மிகவும் குறுக்கினால் எல்லையைத் தாண்டும் மதிப்புகள் எல்லாம் இரு ஓரப் பெட்டிகளிலும் (இலக்கமாக்கி பிரிக்கும் மதிப்பு இடைவெளிகளில் இரு கடைசியிலும் உள்ளவற்றில்) குவிந்துவிடும். அவற்றுள் ஒன்றே மிக அதிக வாய்ப்புடையதாகி, குறும என்ட்ரோபி சரியும். ஓரப் பெட்டியின் வாய்ப்பும் நடுப் பெட்டியின் வாய்ப்பும் சமமாகும் இடத்தில் எல்லையை வையுங்கள்.