கலைச்சொல் தேவை: ஓநாய் அல்லாத ஓநாயும் ஓநாய்ச் சிலந்தியும்

அவைக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் கண்காட்சியின் விளக்கப் பலகைகளைத் தமிழாக்குகிறேன். ஒன்று காட்டு நாயினங்கள், மற்றொன்று விசித்திரச் சிலந்திகள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செந்நாய், புதர்நாய், மயில் சிலந்தி எல்லாம் முடிந்தன. இரண்டு பெயர்கள்தான் இழுக்கின்றன. முதலாவது தென் அமெரிக்காவின் 'மேன்ட் உல்ஃப்'. தோள்வரை சுமார் 90 செ.மீ. உயரம், செம்பட்டை உடல், கறுத்த நெடுங்கால்கள், பிடரியில் கருமயிர். ஓநாயுமல்ல, நரியுமல்ல, தனிப் பேரினம். இரையோடு பழமும் நிறையத் தின்னும். இரண்டாவது 'உல்ஃப் ஸ்பைடர்'. 'பிடரி ஓநாய்', 'ஓநாய்ச் சிலந்தி' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
– ம.

ஓநாய் அல்லாததை ஓநாய் என்பானேன்? இன்று உயிரோடிருப்பவற்றில் இதற்கு மிக நெருங்கிய உறவு அந்தக் குட்டைக்காலன் புதர்நாய்தான். நம்மிடம் சொல் இருக்கிறது: ஓரி. நிகண்டைப் புரட்டுங்கள். ஓரி என்றால் நரி. ஓரி என்றால் ஆண்மயிர். நரிமுகமும் பிடரிமயிரும் ஈரெழுத்தில் அடங்கிவிட்டன! சிறுபாணாற்றுப்படையின் 'ஓரிக் குதிரை ஓரி'யிலும் குதிரைக்குப் பெயர் பிடரிமயிரால் வந்தது என்பது என் துணிபு. இவ்விலங்கு தனித்தே திரிவது. 'ஓர்' என்னும் ஒருமை வேரும் உள்ளே ஒளிந்திருக்கிறது.
– ச.

ஐயா, ஓரி என்றதும் பிள்ளைகள் வல்வில் ஓரியின் வில் எங்கே என்று கேட்பார்கள்.
– இ.

புறநானூறு 152 பார்க்க. அந்த ஓர் அம்பில் வீழ்ந்தவை யானை, புலி, மான், பன்றி, உடும்பு. நரி பட்டியலில் இல்லை. ஆகவே வள்ளலுக்கு இழுக்கில்லை.
– ச.

கொஞ்சம் சிலந்திக்கு வருவோமா? ஓநாய் கூட்டமாய் வேட்டையாடும், இது தனியாள். பெரும்பாலும் வலை கட்டாது, தரையில் ஓடிப் பிடிக்கும். அதற்காக 'வேட்டைச் சிலந்தி' என்றால் தாவும் சிலந்தியும் அதில் அடங்கிவிடும். வகுப்பில் பிள்ளைகள் வாய் பிளப்பது இன்னொன்றுக்கு: தாய் முட்டைப்பையைப் பின்புற நூல்சுரப்பியில் ஒட்டி இழுத்துக்கொண்டே அலையும். பொரிந்த குஞ்சுகள் கால்வழியே ஏறி, தாயின் முதுகே தெரியாதபடி அப்பிக்கொள்ளும். 'பிள்ளைசுமப்பி' எனலாம். தொல்காப்பிய மரபியலே இடம் தருகிறது: 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை', அடுத்த நூற்பா, 'தவழ்பவை தாமும் அவற்றோ ரன்ன'.
– வ.

தேளும்தான் குஞ்சுகளைச் சுமக்கிறது, வ. அம்மா. தவிர, லைகோசிடே என்ற குடும்பப் பெயரிலேயே கிரேக்க ஓநாய் உட்கார்ந்திருக்கிறது. ஓநாய்ச் சிலந்தி என்றால் மேல்வகுப்பில் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும்.
– இ.

இடையில் ஒரு யோசனை. ஈக்வடாரில் கறுப்பு நாய்த்தலை போன்ற உடலுடன் ஒரு எட்டுக்காலி உண்டு. படம் பார்த்தால் நம்பவே முடியாது. இரண்டு பலகைக்கும் பொதுவாக வைக்கலாமே?
– ப.

அது சிலந்தியே அல்ல. நூல் நூற்காது, நஞ்சு கிடையாது, உடலில் இடுப்பே கிடையாது. அதற்கும் பெயர் வைக்கக் கிளம்பினால் வெள்ளி போய்விடும்.
– வ.

நன்றி. சிலந்திக்கு வ. அம்மா தவிர எல்லோரும் 'ஓநாய்ச் சிலந்தி' என்கிறீர்கள், அதுவே போகிறது. விலங்குக்கு 'பிடரி ஓநாய்'. ஓநாயோ நரியோ அல்ல என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.
– ம.

என் மறுப்பைப் பதிவு செய்க. தவறான பெயரை அச்சிடுவதென்று முடிவானால் புணர்த்தியாவது அச்சிடுங்கள்: பிடரியோநாய்.
– ச.

'பிடரியோ, நாய்?' என்று படிப்பார்கள் ஐயா.
– இ.