புறப்படும் தறுவாயில் மகளுக்குச் சின்னம்மை: பயணத்தைத் தள்ளிவைப்பதா, ரத்து செய்வதா?

இளவேனில் (கேள்வி):
வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்துடன் வெளிநாடு செல்ல விமானச் சீட்டும் விடுதி அறையும் முன்பதிவு செய்திருந்தோம். நாளை மறுநாள் புறப்பட வேண்டும். இன்று காலை மகளின் முதுகில் தோன்றிய கொப்புளங்களைப் பார்த்த மருத்துவர், சின்னம்மை என்று உறுதிப்படுத்திவிட்டார். இளையவனுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, அதற்கான தடுப்பூசியும் போடவில்லை. சீட்டு, பணம் திரும்பக் கிடைக்காத வகையைச் சேர்ந்தது. ஆனால் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். ஒரு வாரம் தள்ளிவைத்தால் போதும் என்கிறார் கணவர். மாமியாரோ அடியோடு ரத்து செய்யச் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுவழி:
எந்த முடிவை எடுத்தாலும், விமானம் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டால் வராத பயணி என்று பதிவாகி, அதே சீட்டில் உள்ள திரும்பும் பயணமும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். பணம் திரும்பாத சீட்டிலும் விமான நிலைய வரிகளை மட்டும் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. கேட்காதவருக்கு அது கிடைப்பது அரிது.

காப்பீட்டுக்கு, "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய மருத்துவச் சான்றிதழ் பயன்படாமல் போகலாம். நோயின் பெயர், கொப்புளம் தோன்றிய நாள், பரிசோதித்த நாள், குறித்த தேதியில் பயணம் செய்யத் தகுதியில்லை என்ற தெளிவான வாசகம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும், புறப்படும் நாளுக்கு முந்தைய தேதியும் இருக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் உடன் செல்பவர்களின் இழப்பையும் ஈடுசெய்வார்களா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழை:
குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஒரு வாரத் தள்ளிவைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை பிறருக்குத் தொற்றும். பொருக்குத் தட்ட வழக்கமாக 5 நாட்களோ சற்று அதிகமோ ஆகும். ஆகவே மகளை மட்டும் கணக்கில் கொண்டால் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் இளையவனிடம்தான் இருக்கிறது. தொற்றியபின் நோய் வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் வரை ஆகும் என்பதாலும், ஒரே வீட்டில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியில்லாத குழந்தைக்கு இது தொற்றாமல் போவது அரிது என்பதாலும், அடுத்த வாரம் கிளம்பினால் அயல்நாட்டு விடுதி அறையில் அவனுக்குக் கொப்புளம் கிளம்பக்கூடும். பிறகு திரும்பும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். ஏற்றினாலும், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அமர்ந்திருக்கும் இடத்துக்கு அவனை அழைத்துச் செல்வது முறையன்று. புதிய தேதியை மகளின் கொப்புளங்கள் முழுவதும் பொருக்குத் தட்டி 21 நாட்கள் கழிந்த பிறகே குறியுங்கள்.

நோயாளியுடன் தொடர்பு ஏற்பட்ட 3 நாட்களுக்குள், அதிகபட்சம் 5 நாட்களுக்குள், தடுப்பூசி போட்டால் நோய் தடுக்கப்படலாம் அல்லது தணிந்து வரலாம். கொப்புளம் தெரியும் முன்பே மகளிடமிருந்து தொற்று பரவத் தொடங்கியிருக்கும் என்பதால், இதை நாளைக்கு ஒத்திப்போடாமல் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அம்மை கண்ட குழந்தைகளுக்கு அது அரிதாக, ஆனால் கடுமையாக, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும்.

இளவேனில்:
இருவருக்கும் மிக்க நன்றி. மாலையில் மகனை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தேதியை இப்போது குறிக்க இயலாததால், சீட்டின் தொகையைப் பிற்காலப் பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்ளலாம் என்று விமான நிறுவனம் சொல்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

நெடுவழி:
காப்பீட்டு நிறுவனத்திடம் பேசாமல் ஏற்காதீர்கள். அந்த வரவை ஏற்றுக்கொண்டால், அத்தொகையை இழப்பாகக் கருத மாட்டோம் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் கூறிவிடும். வரவுக்குக் காலாவதித் தேதியும் இருக்கும். அதற்குள் அனைவருக்கும் விடுமுறை ஒத்துவருமா என்று பாருங்கள்.