கோலம் மிதிக்காமல் மூன்று சைக்கிள்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
சனிக்கிழமை, மார்கழி

[5:18] நான்: தோழிகள் இரண்டு பேருக்கும் நம்ம கும்பகோணத்தைக் காட்டக் கிளம்பிவிட்டோம். அம்மாவுடைய பழைய லேடீஸ் சைக்கிளில் நான். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் திருச்சிக்காரி. எதிர்வீட்டு அக்காவின் சைக்கிளில் நாகப்பட்டினத்துக்காரி.

[5:20] அம்மா: மஃப்ளர் கட்டினீர்களா? பனி தலையில் இறங்கும்.

[5:21] நான்: கட்டியாச்சு அம்மா.

[5:26] மாமா: நேற்றே சொன்னேன், காரை எடுத்துக்கொண்டு போங்கள் என்று. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் எல்லாக் கோயிலையும் காட்டிவிடலாம்.

[5:29] நான்: போன தடவை காரில்தானே காட்டினேன் மாமா. கோயில் வாசலில் இறங்கினோம், ஏறினோம். இரண்டு கோயிலுக்கு நடுவே இருக்கும் ஊரை அவர்கள் பார்க்கவே இல்லை. இந்தத் தடவை அதைத்தான் காட்டப் போகிறேன்.

[5:31] பெரியப்பா: நல்லது அம்மாடி. முதலில் மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்று. கரையில் 16 மண்டபம், எண்ணிக்கொண்டே போ.

[5:47] நான்: [படம்] எண்ணிவிட்டோம் பெரியப்பா, 16. பாதி இருட்டு, குளத்தின் மேல் பனி படுத்திருக்கிறது. துலாபாரம் செதுக்கிய மண்டபத்தில் போன் வெளிச்சத்தை அடித்துத் தராசைப் பார்த்தோம்.

[5:50] பெரியப்பா: மண்டபங்கள் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. நாயக்கர்களுக்கு அமைச்சராக இருந்தவர். 2016 மகாமகத்தில் அந்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. அடுத்தது 2028. அதற்கு முன்னால் இப்படி ஆள் இல்லாத நேரத்தில் பார்த்தது நல்லதாகப் போச்சு.

[6:14] நான்: [படம்] சாரங்கபாணி சன்னதித் தெரு. தெரு முழுக்கக் கோலம். ஒரு வாசல் கோலம் முடியும் இடத்தில் அடுத்த வாசல் கோலம் ஆரம்பிக்கிறது. ஓரத்தில் ஒரு முழம்தான் வழி. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு பாட்டி கடைசி இழையை மட்டும் இழுக்காமல், பொடிக் கிண்ணத்தோடு நின்றார். எங்களைப் பார்த்து, "போங்கம்மா, போங்க" என்றார். மூன்று சைக்கிளும் தாண்டின பிறகு குனிந்து அந்த இழையைச் சேர்த்தார். நடுவில் சாணி உருண்டையில் பரங்கிப்பூ. திருச்சிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் பாட்டி வீட்டு ஞாபகம்.

[6:16] அத்தை: இதைப் படித்ததும் சென்னையில் இருக்க முடியவில்லை. எங்கள் பிளாட்டில் வாசலுக்கு ஸ்டிக்கர் கோலம்தான்.

[6:19] மாமா: அந்தத் தெருவில்தான் ராமானுஜன் பிறந்த வீடு. மறக்காமல் காட்டு.

[6:21] பெரியப்பா: பிறந்தது ஈரோட்டில் மாப்பிள்ளை, 1887-ல், அம்மா வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது இந்த வீட்டில். டவுன் ஹைஸ்கூலுக்கும் அரசுக் கல்லூரிக்கும் இங்கிருந்துதான் போனார்.

[6:22] மாமா: சரி மாமா, திருத்திக்கொள்கிறேன்.

[6:25] நான்: வெளியே திண்ணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். இவ்வளவு சின்ன வீடா என்று நாகப்பட்டினத்துக்காரி இரண்டு தடவை கேட்டாள். காரில் வந்திருந்தால் இந்த வீட்டைத் தாண்டிப் போனதே தெரிந்திருக்காது.

[6:28] பெரியப்பா: அப்படியே பகவத் படித்துறைக்குப் போ. ஆற்றில் தண்ணீர் போகிறதா பார்த்துச் சொல்.

[6:43] நான்: [வீடியோ] போகிறது பெரியப்பா. சத்தம் கேட்கிறதா? கீழ்ப்படி வரைக்கும் இருக்கிறது.

[6:51] பெரியப்பா: கேட்டேன். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், அதுவரைக்கும் இந்தச் சத்தம் இருக்கும்.
நாங்களும் மூன்று பேர்தான். சைக்கிள் ஒன்று, அதுவும் மணிக்கணக்கு வாடகை. ஒருவன் பாரில், ஒருவன் கேரியரில். நான் அப்போதுதான் குரங்குப் பெடலிலிருந்து சீட்டுக்கு மாறியிருந்தேன். படித்துறையில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குதிப்போம். ஒருவன் கரையில் நின்று நேரம் பார்க்க வேண்டும். ஒரு மணி தாண்டினால் இன்னொரு மணிக்குக் காசு. கரையில் நின்றது எப்போதும் மன்னார்குடிக்காரன்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. எங்களுக்காக நிற்பான். அந்த வீடியோவை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

[6:53] அம்மா: இதை எங்களிடம் சொன்னதே இல்லையே மாமா.

[7:20] நான்: தாராசுரம் போகிற வழியில் என் செயின் கழன்றுவிட்டது. இரண்டாவது தடவை. கையெல்லாம் கருப்பு.

[7:21] பெரியப்பா: பதறாதே. முதலில் பின் பல்சக்கரத்தில் மாட்டு. அப்புறம் முன் பல்சக்கரத்தின் அடியில் நாலு பல்லில் செயினைப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்று. தானே ஏறும்.

[7:26] நான்: ஏறிவிட்டது!

[7:27] பெரியப்பா: தொங்குகிறதா? நடுவில் விரலால் தூக்கிப் பார். ஒரு விரல் கனத்துக்கு மேல் ஆடினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அழுத்தி மிதிக்காதே.

[7:29] நான்: இரண்டு விரலுக்கு ஆடுகிறது. மெதுவாகவே போகிறோம். அதுவும் நல்லதுதான், ஓரத்தில் சம்பாப் பயிர் பால் பிடிக்கிற பருவம், அந்த வாசனையோடு போகிறோம்.

[8:35] நான்: [படம்] [படம்] ஐராவதேசுவரர் கோயில். அந்த ரிஷப குஞ்சரம் இதுதான். தலை ஒன்று, உடம்பு இரண்டு. இந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, அந்தப் பக்கத்தை மறைத்தால் யானை. மண்டபத்தைத் தேர் மாதிரியே சக்கரமும் குதிரையும் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுச்சுவர் அடியில் நாயன்மார் கதைகள், ஒவ்வொன்றும் சாண் அளவுதான். குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது, ஆனால் வர மனசில்லை.

[8:38] அத்தை: இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யுனெஸ்கோ பட்டியலில் 1987-லேயே இடம் கிடைத்தது. தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் 2004-ல்தான் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் நுணுக்கத்தில் தாராசுரம்தான் முதல்.

[8:40] பெரியப்பா: தட்டினால் ஸ்வரம் கேட்குமே, அந்த இசைப் படிக்குக் கம்பி போட்டிருப்பார்களே?

[8:41] நான்: ஆமாம் பெரியப்பா, தூரத்திலிருந்துதான் பார்த்தோம்.

[8:43] பெரியப்பா: போட்டது சரிதான். நாங்கள் கூழாங்கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தோம். இப்போது நினைத்தால் தப்பு என்று படுகிறது.

[8:45] அம்மா: போதும், வீட்டுக்கு வாருங்கள். இட்லியும் கடப்பாவும் ஆறுகிறது. திருச்சிக்காரி கடப்பா சாப்பிட்டதே இல்லையாமே?

[8:46] நான்: இல்லையாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குருமாவா என்று கேட்கிறாள்.

[8:47] அம்மா: குருமா இல்லை, கடப்பா. வந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொல்.

[9:30] மாமா: நாளைக்குச் சுவாமிமலை போவதாக இருந்தால் சொல்லுங்கள். தெரிந்த சிலைப் பட்டறை ஒன்று இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண் பூசி, காயவைத்துச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி வெளியே வந்ததும் உலோகத்தை ஊற்றுவார்கள். நாளைக்கு ஊற்றுகிற வேலை இருக்கிறதா என்று கேட்டு வைக்கிறேன். சைக்கிளிலேயே போங்கள்.

[9:34] நான்: கட்டாயம் போகிறோம் மாமா. ரொம்ப நன்றி.

[9:52] பெரியப்பா: மன்னார்குடிக்காரன் இப்போதுதான் போன் செய்தான். வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேச்சே வரவில்லை அவனுக்கு. பொங்கல் கழிந்து வருகிறானாம், படித்துறைக்கு. எனக்கு இந்த முட்டியோடு படி இறங்க முடியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்காருவேன்.

[9:53] அம்மா: நாங்கள் எல்லோரும் கூட வருகிறோம்.

[9:58] பெரியப்பா: அம்மாடி, வந்ததும் அந்த லேடீஸ் சைக்கிளை என் வாசலில் நிறுத்து. பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்கினால் செயின் சரியாகிவிடும். சாயங்காலம் நானே செய்கிறேன். பரண் மேல் தகர டப்பாவில் 15-ஆம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது. தம்பியை எடுத்துத் தரச் சொல்.