மேல்கைத் தோலுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

தோழிகளே, என் அக்காவுக்காகக் கேட்கிறேன். எடை நிறையக் குறைந்ததில் மேல்கைத் தோல் தொங்கிப்போய்விட்டது. மடிப்பில் வியர்த்து ஓயாத அரிப்பு. உடற்பயிற்சியில் தசை இறுகுமே தவிர, மிஞ்சிய தோல் சுருங்காது. லைப்போசக்‌ஷனும் கொழுப்பைத்தான் எடுக்கும். அதனால் டாக்டர் மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கும் பிராக்கியோபிளாஸ்டி ஆபரேஷனைச் சொல்கிறார், எடை நிலையாக நின்ற பிறகு. அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறத்தில் தழும்பு நிற்கும் என்பதுதான் அவளை உறுத்துகிறது. எனக்கோ அவள் படும் அரிப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: ஒரு வருடம் கழித்துத் தழும்பு மங்கியதா, தடித்ததா? மரத்துப்போன இடத்தில் உணர்வு திரும்பியதா? ஆபரேஷனுக்குப் பிறகு மேல்கையில் போடும் இறுக்கமான உறையை நம் ஊர் வெயிலில் எப்படிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்? பிள்ளையைத் தூக்க எப்போது முடிந்தது? அவளுக்கு இரண்டு வயதில் மகன் இருக்கிறான். தழும்பின் படம் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், அவளிடம் மட்டும் காட்டுகிறேன்.