கொழும்பில் பிள்ளையை வெளியில் விட நேரம் எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

மனிதர் தங்கள் நேரத்தில் தொண்ணூறு வீதத்தைக் கட்டடத்துக்குள்ளேயே கழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1992 முதல் 1994 வரை 9,000க்கு மேற்பட்டவர்களிடம் தொலைபேசியில் கேட்டு எடுத்தது. கட்டடத்துக்குள் 87 வீதம், வாகனத்துக்குள் ஏறக்குறைய 6 வீதம், மிச்சம்தான் வெளி. அங்கே பனி, குளிர், கடைக்குப் போகவும் கார். எங்களுக்கு என்ன குறை, வருஷம் முழுக்க வெயில், கடல் நடந்துபோகிற தூரத்தில், நாங்கள் அப்படி இருக்கமாட்டோம் என்று நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டு நாளைக் கூட்டிப் பார்த்தால், நாங்கள் அவர்களை விட மோசம்.

மகன் ஐந்தாம் ஆண்டு. காலையில் வேன், 7.30க்குப் பள்ளிக்கூடம், 1.30க்கு விட்டு வீடு வந்து சேர இரண்டு தாண்டும். அந்த வெயிலில் நாய்கூட ரோட்டில் நிற்காது. சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழும்ப ரியூசன். புலமைப்பரிசில் பரீட்சை வருஷம், நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முடிந்து வரும்போது இருட்டிவிடும். இங்கே சூரியன் மறைகிற நேரம் பெரிதாக மாறுவதில்லை, நவம்பரில் ஆறுக்குக் கொஞ்சம் முன்னம், ஜூலையில் ஆறரை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் இருக்கிற என் தங்கச்சி கோடையில் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பூங்காவில் விளையாடுகிற படம் அனுப்புகிறாள். எங்களுக்கு வெளியில் நிற்கக்கூடிய நேரமே ஐந்திலிருந்து ஆறரை வரைதான், அதைச் சரியாகப் பார்த்து ரியூசன் எடுத்துக்கொள்கிறது.

எல்லாரும் போனைத்தான் திட்டுகிறோம். அந்த அமெரிக்கக் கணக்கு எடுத்தபோது இப்போதைய மாதிரிப் போன் ஒன்றும் இல்லை, அப்போதே 87 வீதம். ஆகவே பழியை முழுக்கப் போனில் போட எனக்கு மனம் வரவில்லை.

பிளாட்டில் இருக்கிறவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், உண்மையில் என்ன செய்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிறும் ரியூசன் இருக்கிறது.

தெஹிவளையான்:

நல்ல கேள்வி, ஆனால் ரியூசனை மட்டும் பிடித்தால் பாதிதான் சரி.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அங்கே யாரும் வெளியில் நேரம் கழிக்க என்று புறப்பட்டதில்லை. பல் தீட்டக் கிணற்றடி, படிக்க விறாந்தை, ஊர்க்கதை பேசப் படலையடி, அம்மா மா வறுப்பதுகூடக் கோடிப்பக்கக் கொட்டிலில். வெளிக்கிடாமலே நாளில் பாதி வெளியில்தான் இருந்தோம். பிளாட்டில் அந்த இடங்கள் ஒன்றுமே இல்லை. கதவைத் திறந்தால் லிப்ட், லிப்ட் திறந்தால் காலி வீதி என்கிற பெரிய தெரு. பிள்ளை வெளியில் போவதென்றால் சப்பாத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தல் எடுத்து, யார் கூட்டிப் போவது என்று சண்டை பிடித்து, அதுவே ஒரு பயணம். பயணம் எத்தனை நாளைக்கு நடக்கும்?

2022 மின்வெட்டு நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மின்விசிறியும் இல்லை, லிப்டும் இல்லை. எங்கள் மாடியில் முகம் பார்த்துச் சிரிக்காத சனம் எல்லாம் கீழே இறங்கி ஒழுங்கையில் கதிரை போட்டிருந்து கதைத்தது. கொழும்பில் பிள்ளைகள் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று சொல்லவில்லை, காஸ் வரிசையில் நின்றவன் நான். ஆனால் உள்ளே இருக்க ஏலாது என்றவுடன் எல்லாருக்கும் நேரம் கிடைத்தது. எங்கள் வீட்டில் மாலையில் கதவு சாத்துகிற பழக்கமே ஏசி பூட்டின பிறகுதான் வந்தது.

கண்ணாடிக்காரன்:

நான் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். பிள்ளையின் கண்ணாடி இலக்கம் ஏன் கூடுகிறது என்று கேட்கிற அம்மாமார் எல்லாரும் போனால்தானே என்று தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். கிட்ட வைத்துப் பார்ப்பது கூடாது என்பது சரிதான், ஆனால் குறும்பார்வையில் (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) அதைவிடக் கவனிக்காமல் விடுகிற விஷயம் வெளிச்சம். வீட்டில் ரியூப் லைற்றுக்குக் கீழே சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) இருக்கும். வெளியில் மர நிழலிலேயே பல ஆயிரம். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமீன் என்கிற இரசாயனம் கூடச் சுரந்து, கண்விழி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போது பலரும் சொல்லும் விளக்கம்.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதுக்காரரை, ஒப்பிட்டு ஒரு ஆய்வு 2008இல் வந்தது. சிங்கப்பூரில் 29 வீதமானவர்களுக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3 வீதம். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் கூடப் புத்தகம் வாசித்தவர்கள். பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்: சிட்னியில் வாரத்துக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல், சிங்கப்பூரில் 3. சிங்கப்பூரும் எங்களைப் போல வெயில் ஊர், தொடர்மாடி ஊர், படிப்புப் பைத்தியம் பிடித்த ஊர். பிறகு சீனாவின் குவாங்சோவில் பள்ளிக்கூட நேரத்தோடு 40 நிமிடம் வெளியில் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் குறும்பார்வை வந்தவர்கள் மற்றப் பள்ளிக்கூடங்களில் ஏறக்குறைய 40 வீதம், வெளி நேரம் சேர்த்த பள்ளிக்கூடங்களில் 30.

ஆகவே அக்கா, மகன் ஓடியாடத்தான் வேண்டும் என்றில்லை, கண்ணைப் பொறுத்தமட்டில் சும்மா நின்றாலும் பலன்தான். ஆனால் பகலில் நிற்கவேண்டும். ஆறு மணிக்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் காற்று கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது. பள்ளிக்கூட இடைவேளைக்கு வகுப்பை விட்டு வெளியே வருகிறானா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இலக்கம் இதனால் இறங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கறுத்துப் போவாய் என்று தடுக்கிற ஆச்சிமாருக்கு: கறுப்பு போன மாதம் வந்த நிறமில்லை, எங்கள் பரம்பரைச் சொத்து.

பழைய கொட்டாஞ்சேனை:

தம்பி, மாலையில் கதவு சாத்துகிற பழக்கம் உங்களுக்கு ஏசியால் வந்திருக்கலாம். எங்கள் வயதுக்காரருக்கு அப்படி வரவில்லை. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்டமாட்டோம். பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, இரவில் சுற்றிவளைப்பு. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியற்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்துவிடு என்று அப்போது சொன்ன அம்மாமார்தான் இப்போது அம்மம்மாமார். சண்டை 2009இல் முடிந்தது, அந்தச் சட்டம் வீட்டுக்குள் முடியவில்லை. என் மகள் தன் பிள்ளைகளுக்கு அதே நேரத்தைத்தான் இப்போதும் சொல்கிறாள். காரணம் கேட்டால், இருட்டினால் வெளியில் என்ன வேலை என்கிறாள்.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது, யாரும் நின்று வாசிப்பதில்லை. ஹென்றி வார்ட் பிரித்தானிய ஆளுநராக இருந்தபோது 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதைக்கான கல் அது. கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பார்த்துக்கொள்ளும்படி தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அதில் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரப் பெண்களைத்தான் நினைத்திருப்பார், அது வேறு. இன்றைக்கு அங்கே இஸ்ஸோ வடை (இறால் வடை) சாப்பிடுகிற கூட்டத்தில் பாதி எங்கள் சனம்தான். இருட்டின பிறகும் நிற்கலாம், ஒன்றும் நடக்காது.

ஆறாம்மாடி மருமகள்:

பெண்கள், பிள்ளைகள் என்று கல்லிலாவது எழுதினார்களே ஐயா, இங்கே எல்லாரும் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஆகக் குறைவாக வெளியில் போவது மாமி. பிள்ளைக்காவது பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, பூப் பிடுங்கி, கோயிலுக்கு நடந்து போய்வந்த மனுசி, இங்கே யன்னலடியில் கதிரை போட்டு மாத்தறைப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலி வீதியைக் கடக்கப் பயம். சிங்களம் தெரியாது, ஓட்டோக்காரரோடு கதைக்க ஏலாது. நாங்கள் வேலையால் வர ஆறரை. ஒரு கிழமை முழுக்கச் செருப்பே போடாமல் இருந்திருக்கிறார்.

மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடலாம் என்று மேலே கூட்டிப் போனால் பூட்டு. தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, பிள்ளைகள் விழும், யாரோ சிகரெட் பிடித்தார்கள், இப்படி ஒவ்வொரு காரணம். பெண்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து கொமிற்றிக் கூட்டத்தில் கேட்டோம். சுற்றுமதில் உயரம் காணாது என்றார்கள், கம்பி வலை அடிக்கக் காசு சேர்த்துக் கொடுத்தோம். தாங்கிப் பக்கத்தைத் தனியாக மறைக்கச் சொன்னார்கள், அதையும் செய்தோம். கடைசியில் மாலையில் இரண்டு மணித்தியாலம் திறக்கச் சம்மதம், சாவி செக்கியூரிட்டியிடம். இப்போது மாமி வல்லாரையும் கறிவேப்பிலையும் சாடியில் வைத்திருக்கிறார், கீழ்வீட்டு அன்ரியோடு சேர்ந்து எல்லார் வீட்டுக் குறையும் கதைக்கிறார். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அதற்கு முன்னம் பத்து நிமிடம் மேலே ஓடிவிட்டுத்தான் போகிறார்கள். யாரும் கூட்டிப் போகத் தேவையில்லை, அதுதான் இதில் பெரிய விஷயம்.

கொக்குக்காரன்:

ஞாயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போயா (பௌர்ணமி) லீவு இருக்கிறது. கொழும்பு 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது, உலகத்தில் முதன்முதலாக அந்தப் பெயர் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேப் பக்கம் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு, இரண்டிலும் பலகைப் பாதை, நிழல், கொக்கு, நீர்க்காகம், உடும்பு. மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்புகளில் இருக்கிறது, பகலில் கண்ணில் படுவது அபூர்வம். வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர்களை அங்கே நான் காண்பதே இல்லை.

வெள்ளவத்தைக்காரி:

மொட்டைமாடிக் கதையை எங்கள் கொமிற்றியிலும் எடுக்கப்போகிறேன், நன்றி அக்கா. ஆனால் நுளம்புக்கு என்ன செய்வது? டெங்கு நுளம்பு கடிக்கிற நேரமும் காலையும் மாலையும்தானே. 2017இல் எங்கள் வீட்டிலும் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தோம், அன்றிலிருந்து ஐந்து மணிக்கு யன்னல் எல்லாம் சாத்தி நுளம்புச் சுருள் கொளுத்திவிடுவேன். ரியூசன் நேரத்தையும் அவர்கள் மாற்றப்போவதில்லை.

கண்ணாடிக்காரன்:

அக்கா, சுருளை முதலில் நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிய வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவு என்று 2003இல் ஒரு ஆய்வு சொன்னது. யன்னலையும் சாத்திவிட்டு அதைக் கொளுத்தினால் முழுவதும் உங்களுக்குத்தான்.

2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, பயம் நியாயம்தான். ஆனால் டெங்குவைப் பரப்புகிற ஈடிஸ் எஜிப்டை வீட்டுக்குள் இருக்க விரும்புகிற நுளம்பு. திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, அலுமாரி இருட்டில் தங்கும். யன்னலைச் சாத்தினால் அதையும் உள்ளே வைத்துத்தான் சாத்துகிறீர்கள். வலை அடியுங்கள். பிரிஜ்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேர்கிற தட்டு, கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, இவற்றைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள். ஆறாம்மாடி அக்கா, மாமியின் சாடிகளுக்குக் கீழே தட்டு இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். வெளியில் போகும்போது நீளக்கைச் சட்டையும் நுளம்பு விரட்டுகிற பூச்சும் போதும்.

படிப்பிக்கிறவன்:

ரியூசன் எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். நேரத்தை மாற்றமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு விடுகிறேன் என்று பெற்றோரிடம் நானே கேட்டேன். வேண்டாம் என்றது அவர்கள்தான். வேலை முடிந்து வர ஆறாகும், அதற்கு முன்னம் விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? ஆறரைக்கு விடுங்கள் சேர், நாங்கள் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். படிப்புக்கு இரண்டு மணித்தியாலம் தாராளமாகக் காணும். கடைசி நேரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், நானும்தான் விடுகிறேன். பிள்ளை பார்க்க ஆளில்லாததற்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறீர்கள்.

வெள்ளவத்தைக்காரி:

சேர், எங்கள் பிளாட்டிலும் பக்கத்துப் பிளாட்டிலும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போக ஒரு அம்மம்மா வீட்டில் இருக்கிறார், மற்ற நாட்களுக்கு அம்மாமார் முறை வைத்துப் பார்க்கலாம், ஒருவர் கிழமையில் ஒரு நாள் வேளைக்கு வந்தால் போதும். ஆறு பிள்ளைகள் சேர்த்தால் மூன்று மணிக்கு எடுப்பீர்களா? எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் போடுங்கள்.